பழைய டிரில்லுக்குப் புது வயரிங்

பழைய டிரில் மெஷினை யாராவது கொண்டுவந்தால் நான் முதலில் பார்ப்பது வயரைத்தான். ரப்பர் உறை பொடிப்பொடியாக உதிரும். உடம்போ உலோகம், உள்ளே ஒரு கம்பி உரசினாலும் பிடித்திருப்பவருக்கு ஷாக் அடிக்கும். அந்தக் காலத்து மெஷின்கள் பலவற்றில் எர்த் வயரே கிடையாது. மூன்று கோர் வயர் போட்டு, பச்சை வயரை உடம்போடு இறுக்கித் திருகாமல் எதையும் நான் திருப்பித் தருவதில்லை.

1895இல் ஜெர்மனியின் ஃபைன் நிறுவனம் மின்சாரக் கை டிரில்லை உருவாக்கியது. துப்பாக்கிப் பிடியும் விசையும் கொண்ட டிரில்லுக்கு அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் 1917இல் காப்புரிமை பெற்றது. இன்றும் அதே வடிவம்தான்.

உள்ளே இருப்பது யுனிவர்சல் மோட்டார். ஏசியிலும் டிசியிலும் ஓடும். ஃபீல்டு காயில் எரிந்திருந்தால் அவசரப்பட்டு வெட்டி எறியக் கூடாது. சுற்றுகளை எண்ணி, கம்பியின் கேஜை அளந்து, சுற்றிய திசையையும் குறித்துக்கொள்ள வேண்டும். அதே கணக்கில் எனாமல் கம்பியைச் சுற்றி, வார்னிஷில் ஊறவைத்து, சூட்டில் உலர்த்துகிறேன். பொறுமை கேட்கிற வேலை. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுவே. ஆர்மேச்சர் நன்றாக இருந்தால் கம்யூட்டேட்டரைச் சுத்தம் செய்து, புது கார்பன் பிரஷ் போட்டால் போதும்.

முதல் ஓட்டம் சீரீஸ் பல்பு வழியாகத்தான். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், காயில் தப்பிவிடும்.