கல்லில் எழுதிய வெள்ளிக் கணக்கு

கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள சின்னமனூரின் பழம்பெயர் அரிகேசரிநல்லூர். பத்தாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஆண்ட பாண்டியன் மூன்றாம் இராசசிம்மனின் செப்பேடுகள் இங்கே கிடைத்தன. முதலாம் பராந்தக சோழனிடம் தோற்ற அவன், குலமுடியோடும் அணிகலன்களோடும் இலங்கைக்குப் போய், அவற்றை அங்கேயே விட்டுவிட்டுச் சேரநாடு சென்றான் என்கிறது சூளவம்சம்.

பாண்டியர் செல்வம் அதன்பிறகும் கைமாறியது. சேரரையும் பாண்டியரையும் மலைநாட்டில் வென்று கைப்பற்றிய பண்டாரத்திலிருந்து முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வெள்ளிப் பாத்திரங்கள் கொடுத்தான். அமுது படைக்கத் தளிகை, நீர் வார்க்கக் கெண்டி, கலசம், வட்டில், படிக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு வேலை. ‘ஆடவல்லான்’ என்ற எடைக்கல்லால் நிறுத்து, கழஞ்சும் மஞ்சாடியுமாகக் கணக்கிட்டுக் கோயில் கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். நகையென்றால் சரடு, செப்பாணி, அரக்கு எல்லாம் கழித்துத்தான் பொன்னின் எடை. 1010-ஆம் ஆண்டு விமான உச்சிக்குக் கொடுத்த செப்புக்குடம் 3083 பலம். அதன்மேல் போர்த்திய பொன் 2926½ கழஞ்சு. மன்னன் கொடுத்ததுதானே என்று அரைக் கழஞ்சைக்கூட விடவில்லை.

அந்த வெள்ளிக் கலங்கள் இன்று கண்ணில் படுவதில்லை. வெள்ளியை உருக்கலாம், வேறு உருவாக்கலாம், படையெடுத்தவன் அள்ளிப் போகலாம். கல்லில் வெட்டிய பட்டியலை மட்டும் எவராலும் தூக்கிச் செல்ல முடியவில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பூசைக் கலங்களை நாம் பெயர் சொல்லி அழைக்க முடிவது அதனால்தான்.

இன்று கொடை கொடுப்பவர் மாறியிருக்கிறார். சின்னமனூர்ப் பக்கம், முல்லையாற்றங்கரையில் உள்ள வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலுக்குச் சித்திரைத் திருவிழாவில் வந்து பாருங்கள். பார்வையிழந்த பாண்டிய மன்னன் இங்கே வழிபட்டுக் கண் பெற்றான் என்பது தலவரலாறு. பித்தளையிலும் எவர்சில்வரிலும் பால்குடம் சுமந்து வருகிறவர்கள், ஒரு விரலில் அடங்கும் வெள்ளிக் கண்மலரை உண்டியலில் போடும் விவசாயக் கூலிக் குடும்பங்கள்: அன்று அரசன் நின்ற இடம் இன்று இவர்களுடையது. எனக்கு இது அன்றைய கொடையைவிடப் பெரியதாகவே படுகிறது.

கணக்கும் மாறியிருக்கிறது. கழஞ்சு போய்க் கிராம் வந்துவிட்டது. அறநிலையத் துறையின் நகை சரிபார்ப்பு அலுவலர்கள் எடையும் தரமும் பார்த்துப் பதிவேட்டில் எழுதுகிறார்கள். பயன்படாத பொன் காணிக்கை மும்பை அரசு ஆலையில் உருக்கப்பட்டுக் கட்டிகளாக வங்கிக்குப் போகிறது. வட்டி கோயிலுக்கு வருகிறது. ஒழுங்கான ஏற்பாடுதான். ஆனால் பதிவேடு பீரோவுக்குள் இருக்கிறது. அன்று எழுத்தறிந்த எவரும் கோயிலைச் சுற்றி வரும்போதே எடையைப் படித்துவிடலாம்.

கோயில் நில ஆவணங்களை 2021-இல் இணையத்தில் ஏற்றினார்கள். பாத்திரங்களுக்கும் அதையே செய்யலாம். சின்னமனூரிலும் வீரபாண்டியிலும் உள்ள ஒவ்வொரு குடம், தட்டு, தீபாராதனைக் கரண்டியின் பெயர், எடை, படம் எல்லாம் ஊரார் பார்க்கும் இடத்தில் இருக்கட்டும். கண்மலர் போட்டவருக்கும் கணக்குப் பார்க்கும் உரிமை உண்டு. இராசராசன் தன் கொடைக்கே ஒப்புக்கொண்ட முறை இது. அதை நாம் கைவிட ஒரு காரணமும் இல்லை.