பாலுவின் பாட்டில் ஒன்றே ஒன்றை எடுப்பதென்றால்

சென்ற மாரியில் எங்கள் நண்பர் ஒருவர் காலமானார். பார்வைக்கு வைப்பதற்கு முதல்நாள் இரவு அவருடைய மகள் தொலைபேசி எடுத்தாள். "மாமா, மலர்ச்சாலையில அப்பான்ர படங்கள் ஓடேக்க ஒரு பாட்டுப் போடலாமாம். ஒண்டே ஒண்டுதான். அப்பாவுக்கு எஸ்பிபி எண்டால் உயிர். எஸ்பிபி பாடினதிலயே எது திறம்? நாளைக்கு மத்தியானத்துக்குள்ள அனுப்ப வேணும்."

நாங்கள் நான்கு பேர். யாழ்ப்பாணத்தில் ஒரே ஒழுங்கையில் வளர்ந்து, ஸ்காபரோவில் பத்து நிமிடத் தூரத்தில் வந்து சேர்ந்தவர்கள். முப்பது வருடமாக எஸ்பிபியைப் பற்றிச் சண்டை பிடித்தவர்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு உடனே மறுமொழி சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. "யோசிச்சுச் சொல்லுறம் பிள்ளை" என்று வைத்துவிட்டு ஒருவர் வீட்டு நிலவறையில் கூடினோம். விடிய இரண்டு மணி மட்டும் இருந்தோம். அன்றிரவு பேசியதை எழுதிவைத்தால், இப்படியொரு கேள்வி வரும் மற்ற வீடுகளுக்கும் உதவலாம்.

எஸ்பிபி நாற்பதாயிரம் பாட்டுப் பாடினார் என்று சொல்வார்கள். முதல் படப்பாட்டு 1966இல், தெலுங்கில். மறைந்தது 2020 செப்டெம்பர் 25. நாற்பதாயிரத்தை 54 ஆண்டால் வகுத்தால் ஆண்டுக்கு 740, அதாவது ஒருநாள் தவறாமல் நாளுக்கு இரண்டு. இதை எழுதுகிற கை கணக்கெழுதுகிற கை, அதனால் அந்தத் தொகையை எங்களால் ஐந்தொகையில் ஏற்றிக்கொள்ள முடியவில்லை. அதில் பாதி என்றாலும் எங்கள் ஆயுளுக்குள் கேட்டு முடிக்க ஏலாது. ஆகவே "எல்லாவற்றிலும் திறம்" என்று எவர் சொன்னாலும், தான் கேட்டவற்றில் திறம் என்பதுதான் பொருள். விருதுகளைக் கேட்டாலும் தீராது. ஆறு தேசிய விருதுகள், நான்கு மொழிகளில். தமிழுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று, 'மின்சாரக் கனவு' படத்தின் 'தங்கத் தாமரை மகளே'. நல்ல பாட்டுத்தான். ஆனால் எங்கள் நால்வரில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

முதலாமவர் 'இளைய நிலா' என்றார். 1982, 'பயணங்கள் முடிவதில்லை', இளையராஜா. றெக்கோடிங் பாருக்குப் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்த காலத்தில், எங்கள் ஒழுங்கையில் ஒருவரின் கசற்றும் அந்தப் பாட்டு இல்லாமல் திரும்பி வந்ததில்லை. ஆனால் அதே மெட்டு அடுத்த வருடமே இந்தியில் 'கலாகார்' என்ற படத்தில் கிஷோர் குமாரின் குரலில் வந்தது. அங்கும் பெரிய வெற்றி, இன்றைக்கும் வட இந்தியர்கள் கிற்றாரைத் தூக்கினால் அதைத்தான் வாசிக்கிறார்கள். எஸ்பிபி இல்லாமலே அந்த மெட்டு ஓடியிருக்கிறது என்றால், வரவில் பெரும்பங்கு மெட்டுக்கும் அந்தக் கிற்றாருக்கும் உரியது. எஸ்பிபிக்கு வராது என்றில்லை, குறைய வரும். சொன்னவருக்கு முகம் கொஞ்சம் சுருங்கிப் போனது. ஆனாலும் அந்த இரவின் வழி அங்கேதான் பிறந்தது: பாட்டுக்கு உள்ள மதிப்பில் மற்றவர்களுக்குச் சேரவேண்டியதை எல்லாம் கழித்துவிட்டு, தொண்டையின் கணக்கில் என்ன மிஞ்சுகிறது என்று பார்ப்பது.

இரண்டாமவர் 'மண்ணில் இந்தக் காதலன்றி' என்றார். 1990, 'கேளடி கண்மணி', படத்தில் நடித்தவரும் எஸ்பிபிதான். சரணம் முழுவதும் மூச்சு விடாமல் பாடியிருக்கிறார் என்பது அந்தப் பாட்டின் பெருமை. இதில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். அறுபதுகளிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் பாடகரும் வாத்தியக்காரர் முழுப்பேரும் ஒரே நேரத்தில் இருந்து பதிந்தார்கள். யாராவது ஒருவர் பிழைவிட்டால் எல்லோரும் முதலில் இருந்து. பிறகு பல தடங்களில் பிரித்துப் பதியும் முறை வந்தது. குரலைத் தனியே, துண்டு துண்டாகவும் பதிந்து ஒட்டலாம், மூச்சு எடுக்கும் சத்தத்தை நீக்கலாம். எஸ்பிபி அதே பாட்டை மேடையில் பாடிய பதிவுகளைக் கவனித்துக் கேட்டால் எங்கே மூச்சு எடுக்கிறார் என்பது தெரியும். அது களவு அல்ல. படத்தில் அப்படியொரு வித்தை தேவைப்பட்டது, செய்தார்கள். ஆனால் பாடகரின் திறமைக்குச் சாட்சியாக அந்த மூச்சைக் கொண்டுவந்தால் நாங்கள் ஏற்கமாட்டோம்.

இந்த இடத்தில் சண்டை சூடாகிவிட்டது. ஏனென்றால் அந்தப் பாட்டுக்கும் எங்களுக்கும் வேறொரு கணக்கு உண்டு. தொண்ணூறுக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றறி தடைப்பட்ட சாமான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயரெடுத்துத்தான் கசற் கேட்டோம். இறந்த நண்பருக்குச் சுற்றுவதில் நல்ல நிதானம். மற்றவர்கள் சுற்றினால் கை சளைக்கும்போது எஸ்பிபிக்குத் தொண்டை கட்டும், உற்சாகமாகச் சுற்றினால் சின்னப்பிள்ளைக் குரல் வந்துவிடும். மூச்சுவிடாத அந்தச் சரணத்தை, மூச்சு வாங்கிக்கொண்டு நாங்கள் சுற்றியிருக்கிறோம். கணக்கியலில் இதை நன்மதிப்பு என்பார்கள். கையில் பிடித்துக் காட்ட முடியாது, ஆனால் விலையை ஏற்றிவிடும். அந்த நன்மதிப்பு எங்களுடையது, பாடகருடையது அல்ல. மகள் கேட்டது "எது திறம்" என்று, "உங்களுக்கு எது ஞாபகம்" என்று அல்ல. பத்து நிமிடம் ஒருவரும் பேசவில்லை. பிறகு தேத்தண்ணி வந்தது.

மூன்றாமவர் சொன்னது 'மலரே மௌனமா'. 1995, 'கர்ணா', வித்யாசாகர். தர்பாரி கானடாவில் அமைந்த பாட்டு. அதில் எஸ்பிபி ஒரு சொல்லை முடிக்காமல் காற்றில் விடும் இடங்களைக் கேட்டால் எவருக்கும் நெஞ்சு நழுவும். ஆனால் அரைவாசி ஜானகியம்மாவுக்குச் சேரவேண்டும். அரைவாசிக்கும் கூட என்பது எங்கள் கருத்து. இருவர் பாடும் பாட்டில் ஒருவர் மற்றவரைத் தூக்கி விடுகிறார், எவ்வளவு தூக்கினார் என்று பிரித்தெழுத முடியாது. சும்மா கேட்பதற்கு அதைவிட வேறொன்றும் வேண்டாம்.

பிறகு பழைய பாட்டுகளுக்குப் போனோம். 1969இல் 'அடிமைப்பெண்' படத்துக்காகப் பாடிய 'ஆயிரம் நிலவே வா'. பதிவு நெருங்கும்போது எஸ்பிபிக்கு நெருப்புக்காய்ச்சல், எம்ஜிஆர் வேறொருவரைத் தேடாமல் காத்திருந்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. கேட்டுப் பார்த்தால் குரல் மெல்லியது, இனிமை கூடியது, இன்னும் எங்கே அழுத்துவது எங்கே விடுவது என்று தெரியாத இளம்பிள்ளையின் துணிவு. எண்பதுகளில் குரலுக்குத் தசை வைத்துவிட்டது. எந்த நடிகர் வாயசைக்கிறாரோ அவரைப்போல் குரலைக் கொஞ்சம் வளைக்கும் பழக்கமும் சேர்ந்தது. தெலுங்கில் கமலுக்குப் பின்னணி பேசியவரே அவர்தான். தொண்ணூறுகளில் குரல் கொஞ்சம் கனத்தது, ஆனால் பேச்சுக்கு மிகக் கிட்ட வந்தது. எங்களுக்குப் பிடித்தது அந்தக் கடைசிக் குரல்தான். மேலே ஏறிக் காட்டவேண்டிய தேவை தீர்ந்துவிட்ட மனிதனின் குரல்.

அப்போதுதான் 'நலம் வாழ எந்நாளும்' ஞாபகம் வந்தது.

1993இல் வந்த 'மறுபடியும்' படத்தின் பாட்டு. இயக்கியவர் பாலு மகேந்திரா, மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர், எங்கள் மண்ணின் பிள்ளை. மகேஷ் பட்டின் இந்திப்படம் 'அர்த்'தைத் தமிழில் எடுத்தார். கணவன் கைவிட்ட பெண்ணாக ரேவதி, அவள்மேல் அன்பு வைத்திருக்கும் பாடகனாக அரவிந்த்சாமி. இந்தியில் அந்தப் பாத்திரத்துக்குப் பாடியவர் ஜக்ஜித் சிங், கசல்களுக்காகவே பெயர் பெற்றவர். அந்த இடத்தில் தமிழில் எஸ்பிபி. வரிகள் வாலி, இசை இளையராஜா.

எங்கள் வழிப்படி கழித்துப் பார்த்தோம். மெட்டு எளிமையானது, குளியலறையில் எவரும் பாடலாம். ஆனால் நாங்கள் பாடினால் அது புத்திமதி ஆகிவிடுகிறது. நால்வரும் ஒவ்வொருவராகப் பாடிப் பார்த்தோம், விடிய ஒரு மணிக்கு, மேலே வீட்டுக்காரி கதவைத் தட்டும் மட்டும். துயரப்பட்ட ஒருத்திக்கு ஆறுதல் சொல்லும் வரிகளைக் கொஞ்சம் அழுத்தினாலும் மேடைப்பேச்சு, கொஞ்சம் இழைத்தாலும் இரக்கப்படுவதுபோல் ஆகிவிடும். எஸ்பிபி பக்கத்துக் கதிரையில் இருந்து சொல்கிற அளவில் பாடுகிறார். சத்தத்தை ஏற்றவில்லை. அவருடைய வழக்கமான சிரிப்பும் விளையாட்டும் இல்லை. ஒலிவாங்கிக்குக் கிட்ட நின்று, மெல்லிய குரலில், ஆனால் ஒரு எழுத்தும் சிதறாமல். மெல்லப் பாடும்போது சுருதியில் நிற்பது உரத்துப் பாடுவதைவிடக் கடினம் என்று சங்கீதம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். உரத்த குரல் நடுக்கத்தை மறைக்கும், மெல்லிய குரலுக்கு மறைக்க இடமில்லை.

எழுத்தையும் பாருங்கள். 'நலம்' என்பதில் ல, 'வாழ' என்பதில் ழ, 'எந்நாளும்' என்பதில் ள. மூன்று சொல்லுக்குள் மூன்றும் வந்துவிடுகின்றன. எஸ்பிபியின் தாய்மொழி தெலுங்கு, இன்றைய தெலுங்கில் ழகரமே கிடையாது. பாட்டுக் கேட்டு வந்த இளைஞனை எம்.எஸ்.விஸ்வநாதன் முதலில், குரல் நல்லது, தமிழைத் திருத்திக்கொண்டு வா என்று அனுப்பியதாக எஸ்பிபியே சொல்லியிருக்கிறார். அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர் கால் நூற்றாண்டு கழித்து இந்த மூன்று சொல்லைச் சொல்வதைக் கேளுங்கள். யாழ்ப்பாணத்துக்காரராகிய நாங்கள் 'வாழ'வை 'வாள' என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கிறவர்கள். எங்கள் பிள்ளைகளுக்கோ இங்கே சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் அந்த மூன்று எழுத்தும் ஒன்றுதான். வந்த மொழியைப் படித்துப் பிடித்துக்கொண்ட ஒருவரிடம் எங்கள் எழுத்தை நாங்கள் கேட்டுத் திருத்தலாம்.

கழித்துக் கழித்துப் பார்த்தபின்னும் இந்தப் பாட்டில் தொண்டையின் கணக்கில் மிச்சம் நின்றது. மெட்டைக் கழித்தாலும் நின்றது. துணைக்குரல் இல்லை. ஒட்டுவேலையை நம்பிய வித்தை இல்லை. எங்கள் நன்மதிப்பும் இல்லை, ஏனென்றால் இதை நாங்கள் சைக்கிள் சுற்றிக் கேட்கவில்லை. கொழும்பு லொட்ஜில் இருந்த காலத்தில் அடுத்த அறையில் போனது, அப்போது காதில் ஏறவில்லை. முதலாமவர் மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. 'இளைய நிலா'தான் என்றே இன்றைக்கும் சொல்கிறார். அவருக்கு அந்த உரிமை இருக்கிறது. பிடித்தது என்பது வேறு ஏடு, அதை எவரும் தணிக்கை செய்ய முடியாது.

ஒரு தயக்கம் எஞ்சியிருந்தது. நண்பருக்கு இது பிடிக்குமா? அவர் இங்கே வந்த புதிதில் உணவகத்தில் கோப்பை கழுவும்போது பாடியதெல்லாம் துள்ளல் பாட்டுகள். காலையில் அக்காவிடம் கேட்டோம், அதாவது அவர் மனைவியிடம். "அவர் எல்லாத்தையும்தான் பாடுவார். ஒண்டையும் முழுசாப் பாடமாட்டார்" என்றா. போடச் சொன்னா.

போட்டோம். படங்கள் ஓடின: சைக்கிளோடு நிற்கும் பெடியன், வணிகமாணிப் பட்டமளிப்பு, முதல் பனிக்குள் கடன் வாங்கின ஜக்கெற், கலியாணம், மகளைத் தோளில் வைத்திருப்பது. மகள் எங்களுக்குப் பின்னால் நின்றாள். தமிழ் விளங்கும், பாட்டுத் தமிழ் அவ்வளவு விளங்காது. பாட்டு நடுவில் குனிந்து கேட்டாள்: "மாமா, இது யாரைப் பார்த்துப் பாடுறார்?"

படத்தின் கதையைச் சொல்ல வாயெடுத்தோம். பிறகு, "கொம்மாவைப் பார்த்து" என்று சொன்னோம்.

அவள் திரும்பி முன்வரிசையைப் பார்த்தாள். அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு, திரையைப் பார்க்காமல், கேட்டுக்கொண்டிருந்தா. எட்டு முடிந்து வீட்டுக்குப் போனபோது அந்தப் பாட்டைத் தன்ர போனுக்கு அனுப்பிவிடச் சொன்னா. அனுப்பினோம்.