மூலம் புதிதா, நகல் புதிதா?

அரியலூர் மாவட்டம் இரண்டு தடவை பிறந்தது. இந்த வேடிக்கை உங்களுக்குத் தெரியுமா?

1995-ல் திருச்சி மாவட்டத்தைப் பிரித்தார்கள். பெரம்பலூர் மாவட்டம் உண்டாயிற்று. அரியலூர் அதற்குள் இருந்தது. 2001-ல் அரியலூர் தனி மாவட்டம் ஆயிற்று. 2002-ல் மறுபடியும் பெரம்பலூரோடு சேர்ந்தது. 2007-ல் மீண்டும் தனி மாவட்டம்!

பள்ளிக்கூடச் சுவரில் பழைய மாவட்டப் படம் தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை நம்பலாமா? படம் அச்சான ஆண்டைப் பாருங்கள். அரசாங்க உத்தரவு வந்த ஆண்டையும் பாருங்கள். உத்தரவு பிந்தியது என்றால், வேறு படம் வாங்க வேண்டியதுதான்.

படம் போனால் போகட்டும். நிலம் என்றால்? மார்ச் மாதம் வில்லங்கச் சான்று வாங்குகிறீர்கள். ஏப்ரலில் அதே நிலம் வேறொருவர் பெயருக்குப் பதிவாகிறது. பழைய சான்றை நம்பி, மே மாதம் பணம் கொடுத்தால் என்ன ஆகும்?

கம்ப்யூட்டருக்குள்ளும் இதே தொல்லை உண்டு.

புரோகிராம் எழுதுகிறவர், மனிதர் படிக்கக்கூடிய எழுத்தில் எழுதுகிறார். இது மூலம். இதை எந்திர மொழிக்கு மாற்றி, இன்னொரு பைல் தயாரிக்க வேண்டும். மூலத்தைத் திருத்திவிட்டு, மாற்ற மறந்தால் போச்சு! ஓடுவது பழைய புரோகிராம்தான்.

வீணான காலைப் பொழுது

அமெரிக்காவில், பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் ஸ்டீவ் ஜான்சன் என்ற நிபுணர் இருந்தார். ஒருநாள் காலை முழுவதும் ஒரு புரோகிராமில் பிழை தேடினார். அகப்படவில்லை. எப்படி அகப்படும்? பிழை ஏற்கனவே திருத்தப்பட்டிருந்தது! எந்திர மொழிக்கு மாற்றத்தான் இல்லை.

அவர் விதியை நொந்தபடி, ஸ்டூவர்ட் பெல்ட்மன் அறைக்குள் புகுந்தார். முந்தின நாள் மாலை பெல்ட்மனும் இதே வலையில் சிக்கி விழித்தவர்தான். 1976-ல் அவர் "மேக்" என்ற புரோகிராமை எழுதினார்.

எந்தப் பைல் எதிலிருந்து தயாராகிறது என்று முதலில் ஒரு பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பைலுக்கும், அது கடைசியாக மாறிய தேதியும் நேரமும் பதிவாகி இருக்கும். "மேக்" இரண்டையும் ஒப்பிடும். மூலம் பிந்தியதா? மறுபடி தயார் செய்! நகல் பிந்தியதா? தொடாதே! ஆயிரம் பைல்களில் ஒன்றைத் திருத்தினால், அதைச் சார்ந்தவை மட்டுமே மீண்டும் தயாராகும்.

இந்தக் கெட்டிக்கார "மேக்"கும் ஏமாறுவது உண்டு. அது தேதியைத்தான் பார்க்கும். உள்ளே இருப்பதைப் படிக்காது. கம்ப்யூட்டரின் கடிகாரம் தப்பானால், கணக்கும் தப்பாகும். ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல், மூலத்தைச் சும்மா மறுபடி சேமித்தாலும், "புதிது" என்று நினைத்து வேலையைத் தொடங்கிவிடும்.

2001-ல் அச்சிட்ட படம், அரியலூர் தனி மாவட்டம் என்று காட்டும். இன்று அது சரிதான். ஆனால் "மேக்" கையில் கிடைத்தால், அதையும் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுப் படம் அச்சிடும்!