பின்னொட்டு இழந்த தரவுக்கோப்பை மீட்டெடுத்தல்

‘பால் குடித்தான்’ என்னும் தொடரில் இரண்டாம் வேற்றுமை உருபு மறைந்து நிற்கிறது. உருபு இல்லை என்பதற்காகப் பொருள் கெடுவதில்லை. தொடரின் அமைப்பே அதனை உணர்த்திவிடுகிறது. கணினிக் கோப்பின் பெயருக்குப் பின் புள்ளியிட்டு எழுதப்படும் பின்னொட்டும் இத்தகையதே. எந்தச் செயலியைக் கொண்டு கோப்பைத் திறப்பது என்பதைக் கணினிக்குச் சுட்டும் அடையாளம் அது. கோப்பின் உள்ளடக்கம் அன்று. பின்னொட்டை மாற்றினாலும் நீக்கினாலும் உள்ளே இருக்கும் ஒரு பைட்டும் மாறாது.

இவ்வுண்மை நமக்கு ஏன் வேண்டும்? மலேசியத் தோட்டப்புறங்களில் வழங்கிய பெரட்டு, லயம், ஆயாக்கொட்டகை போன்ற சொற்களை முதியோரிடம் கேட்டு, ஓர் ஆய்வாளர் முப்பதாண்டுகளுக்கு முன் கணினியில் பதிந்து வைத்தார் எனக் கொள்வோம். அக்காலத்து டாஸ் இயங்குதளத்தில் பெயருக்கு எட்டெழுத்தும் பின்னொட்டுக்கு மூன்றெழுத்துமே இடம். ஆகவே பின்னொட்டு நிற்க வேண்டிய இடத்தில் அவர் தம் பெயரின் முதலெழுத்துகளையோ ஆண்டையோ இட்டிருக்கக் கூடும். இன்றைய கணினி அக்கோப்பை ‘அறியப்படாத வகை’ என்கிறது. பயனற்றதென்று நாம் அதனை அழித்துவிட்டால், அச்சொற்களைச் சொன்னவர்களிடம் மீண்டும் சென்று கேட்க இயலாது.

முதற்பணி படியெடுத்தல். மூலக்கோப்பைத் தொடாமல் வைத்து, படியில் மட்டுமே சோதனை செய்ய வேண்டும். ஏதேனும் ஒரு செயலியில் திறந்து பார்த்தால், மூடும்போது சேமிக்கலாகாது.

இரண்டாம் பணி கோப்பின் தொடக்கத்தைப் படித்தல். பைட்டுகளைப் பதினறும எண்களாகக் காட்டும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. எஸ்கியூலைட் தரவுத்தளத்தின் மூன்றாம் பதிப்புக் கோப்பு, ‘எஸ்கியூலைட் ஃபார்மட் 3’ என்னும் ஆங்கிலத் தொடரோடு தொடங்கும். பழைய மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் கோப்பின் தொடக்கத்தில் நான்கு பைட்டுகளுக்குப் பின் ‘ஸ்டாண்டர்ட் ஜெட் டிபி’ என்றிருக்கும். 1984இல் வெளிவந்த டிபேஸ் 3 கோப்பில் இத்தகைய சொற்றொடர் இராது, எண்களே பேசும். முதல் நான்கு பைட்டுகள் 83 59 06 14 என்று இருப்பின், 83 என்பது நீண்ட குறிப்புகளுக்குத் துணைக்கோப்பு ஒன்று உண்டு என்பதைக் காட்டும். துணைக்கோப்பு இல்லையேல் அவ்விடத்தில் 03 நிற்கும். அடுத்த மூன்றும் கடைசியாகத் திருத்திய நாள். பதினறும 59 என்பது நம் எண்முறையில் 89. 14 என்பது 20. எனவே அது 1989 ஜூன் 20ஆம் நாள்.

மூன்றாம் பணி கோப்பு முழுமையானதா என்று கணக்கிடுதல். டிபேஸ் கோப்பில் ஐந்தாம் பைட்டு முதல் எட்டாம் பைட்டு வரை பதிவுகளின் எண்ணிக்கையும், அடுத்த இரண்டில் தலைப்பகுதியின் நீளமும், அதற்கடுத்த இரண்டில் ஒரு பதிவின் நீளமும் இருக்கும். இவ்வெண்களின் பைட்டுகளைப் பின்னிருந்து முன்னாகக் கூட்டிப் படிக்க வேண்டும். தலைப்பகுதி 193 பைட்டு, பதிவுகள் 2,000, பதிவொன்றுக்கு 120 பைட்டு எனில், முடிவுக்குறி ஒன்றையும் சேர்த்துக் கோப்பின் அளவு 240,194 பைட்டு ஆதல் வேண்டும். உண்மையில் 180,193 பைட்டே இருப்பின், இறுதி 500 பதிவுகள் அறுந்துபோயின. முதல் 1,500 பதிவுகள் எஞ்சியுள்ளன என அறியலாம்.

இரண்டு செய்திகளை இங்கே மறத்தலாகாது. டிபேஸில் நீக்கப்பட்ட பதிவு உடனே அழிவதில்லை. அதன் முதற்பைட்டில் உடுக்குறி இடப்படுகிறது. கோப்பைச் செறிவாக்கும் கட்டளை தரப்படும் வரை அப்பதிவு உள்ளேயே கிடக்கும். மேலும், எடுத்துக்காட்டுத் தொடர் போன்ற நீண்ட குறிப்புகள் துணைக்கோப்பில் இருக்க, முதன்மைக் கோப்பில் அவற்றின் இட எண் மட்டுமே நிற்கும். ஆகவே 83 எனக் கண்டால், அதே பெயருடைய மற்றொரு கோப்பைத் தேடியெடுப்பது கடமை.

வகை அறிந்து, உரிய பின்னொட்டைச் சேர்த்துத் திறந்த பின்னும் தமிழ் எழுத்துகள் குழம்பித் தோன்றலாம். பலர் இந்நிலையில் கோப்பு சிதைந்ததென்று கைவிடுகின்றனர். அது பெரும்பாலும் சிதைவன்று. ஒருங்குறிக்கு முந்திய குறியாக்கம். திஸ்கி, டாப் முதலிய முறைகளும், எழுத்துருவுக்கு எழுத்துரு வேறுபட்ட அமைப்புகளும் அன்று வழங்கின. திஸ்கியில் ‘கொ’ என்பது கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் பதியப்படும். ஒருங்குறியில் ககரம் முன்னும் உயிர்க்குறி பின்னுமாக அமையும். இவ்வேறுபாட்டை அறிந்த மாற்றுச் செயலிகள் உள்ளன. இன்றைய செயலியில் அப்படியே சேமித்தால் மட்டும் ஆபத்து. அறியாத பைட்டுகளுக்கு அது கேள்விக்குறியை இட்டுவிடும். அதன்பின் மூல எழுத்தை அக்கோப்பிலிருந்து பெறவே முடியாது.

மீட்ட தரவை ஒருங்குறியில், எச்செயலியிலும் திறக்கத்தக்க எளிய உரைக்கோப்பாகவும் வைத்தல் நன்று. புலங்களின் பெயர், குறியாக்கம், தொகுத்த காலம், சொல் வழங்கிய ஊர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி உடன் வைக்க வேண்டும். மூலக்கோப்பையும் அதன் பழைய பெயரோடு காத்தல் வேண்டும். பள்ளியிலோ வீட்டிலோ பழைய வட்டுகள் இருப்பின், அவற்றை எறியுமுன் மாணவர்களோடு அமர்ந்து ஒவ்வொரு கோப்பின் முதற்பைட்டுகளையேனும் படித்துப் பார்ப்போமாக.