யார் முன்னே நிரூபிப்பது?

வால்மீகி ராமாயணத்தில் அகலிகை கல்லாவதில்லை. கணவரான கௌதம முனிவரின் சாபத்துக்கு ஆளான அவள், காற்றையே ஆகாரமாகக் கொண்டு, சாம்பலில் கிடந்து, எந்தப் பிராணியின் கண்ணுக்கும் புலப்படாதவளாக அதே ஆசிரமத்தில் நெடுங்காலம் தவங்கிடக்கிறாள். ராமன் வந்து அடியெடுத்து வைத்த பிறகுதான் பிறர் காணத் தக்கவளாகிறாள். வந்த ராமனும் இலக்குவனும் அவள் பாதங்களைத் தொட்டு வணங்குகிறார்கள். பின்னாளில் கம்பர் பாடிய காவியத்திலோ அவள் கல்லாகிவிட்டாள். ராமனுடைய பாதத் துகள் பட்டுத்தான் பழைய வடிவம் பெற்று எழுகிறாள். வணங்கப்பட்ட பாதம் அவளுடையதாக இருந்த கதை, அவளுக்கு விமோசனம் தந்த பாதம் இன்னொருவனுடையதான கதையாக மாறிய வரலாற்றை நாம் நின்று கவனிப்பதில்லை. ஆயினும் கருணையுள்ள கம்பர், அவள் நெஞ்சால் பிழை செய்தவள் அல்லள் என்ற சொல்லைக் கௌதமரின் காதில் விழச் செய்து, அவளை மீண்டும் ஏற்றுக்கொள்ள வைத்தே அந்தப் படலத்தை முடிக்கிறார்.

கண்ணுக்குப் புலப்படாமற் போவது, கல்லாய்ச் சமைவது ஆகிய இரண்டு தண்டனைகளும் வெளிப்பார்வைக்கு வேறுவேறாகத் தோன்றினாலும், அவற்றின் உட்கருத்து ஒன்றே: சமூகம் வகுத்த கோட்டைத் தாண்டியவள் என்று ஒருத்தியைக் கருதிவிட்டால், அவள் பேசவும் கூடாது, பிறர் அவளைப் பார்க்கவும் கூடாது. அவள் மனத்தில் என்ன நிகழ்ந்தது என்பதை அவளிடம் கேட்டறிய வேண்டும் என்ற எண்ணமே அங்கே எழுவதில்லை. நம்முடைய இலக்கியத்தில் பெண்ணின் தன்மையைப் பற்றி எழுந்த விவாதம் முழுவதும், ஆராய்ந்து பார்த்தால், இந்த ஒரு கேள்வியில்தான் வந்து முடிகிறது: ஒரு பெண் இன்னாள் என்பதற்குச் சாட்சி யார்? அவளா, ஊரா?

சீதையின் சரித்திரம் இந்தக் கேள்விக்கு ஊர் தரும் விடையைக் காட்டுகிறது. இலங்கையில் சிறையிருந்து மீண்டவளை உலகறிய ஏற்றுக்கொள்வதற்குத் தீக்குளிப்பு வேண்டியிருந்தது. அக்கினி தேவனே சாட்சி சொன்னான். தேவனே வந்து சொன்ன சாட்சிக்கு மேல் வேறென்ன வேண்டும் என்று நாம் நினைப்போம். ஆனால் உத்தர காண்டத்தில் ஊரார் வாய்க்கு வந்தபடி பேசிய அபவாதம் ஒன்றே, கர்ப்பிணியான அவளைக் காட்டுக்கு அனுப்பப் போதுமானதாக இருக்கிறது. பின்னரும் சபையின் நடுவே மறுபடி சத்தியம் செய்ய அழைக்கப்பட்டபோது, அவள் பூமித்தாயை வேண்டி மண்ணுக்குள் போய்விடுகிறாள். நிரூபணம் கேட்கிறவர்களுக்கு எந்த நிரூபணமும் போதாது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் காவியமும் சொன்னதில்லை. ஒரு முறை பரீட்சைக்கு உட்பட்டவள், கேட்கிறவர் உள்ளவரை பரீட்சைக்கு உட்பட்டவளாகவே இருக்கிறாள்.

இந்த இரு பெண்களையும் நேருக்கு நேர் சந்திக்க வைத்துப் பேசவிட்டவர் புதுமைப்பித்தன். 1943ஆம் ஆண்டு ‘கலைமகள்’ பத்திரிகையில் வெளிவந்த ‘சாபவிமோசனம்’ என்ற சிறுகதையில், சாபம் தீர்ந்து எழுந்த அகலிகைக்கு உண்மையான கஷ்டம் அதன் பிறகுதான் தொடங்குகிறது. கணவன் மன்னித்துவிட்டான், ராமன் ஏற்றுக்கொண்டான், ஆனால் எதிர்ப்படுகிறவர்களின் பார்வையும், அகஸ்மாத்தாகக் காதில் விழும் சொற்களும் அவளைக் குறுகச் செய்கின்றன. அவளுக்கு ஆறுதலாக இருப்பது ராமனிடமும் சீதையிடமும் வைத்த பக்தி ஒன்றே. வனவாசம் முடிந்து அவர்கள் அவளைக் காண வருகிறார்கள்; நடந்தவற்றையெல்லாம் சொல்லிவந்த சீதை, அக்கினிப் பிரவேசத்தையும் சொல்கிறாள். அகலிகை துடித்துப்போகிறாள். அவர் கேட்டாரா, நீ ஏன் இசைந்தாய் என்று வினவுகிறாள். உலகத்துக்கு நிரூபிக்க வேண்டாமா என்கிறாள் சீதை. உள்ளத்துக்குத் தெரிந்தால் போதாதா, உண்மையை உலகத்துக்கு நிரூபிக்க முடியுமா என்பது அகலிகையின் மறுமொழி. தன்னை மன்னித்தவன் தன் மனைவியை நம்பவில்லை என்று அறிந்த பிறகு அந்த மன்னிப்புக்கு என்ன அர்த்தம் இருக்கிறது? அவள் மீண்டும் கல்லாகிறாள். முதல் முறை கல்லானது முனிவரின் சாபத்தால். இம்முறை அவளைக் கல்லாக்க எவருடைய சாபமும் தேவைப்படவில்லை. ராமாயணத்தில் பழக்கமுள்ளவர்களுக்கு இந்தக் கதை பிடிக்காமற் போகலாம் என்று ஆசிரியரே முன்கூட்டிச் சொல்லி, அதைத் தாம் பொருட்படுத்தவில்லை என்றும் எழுதிவிட்டார். ஒரு காவியத்தின் மௌனத்தை அதே காவியத்தின் பாத்திரங்களைக் கொண்டே பேசவைத்த துணிவு அது.

ரிஷி ஆசிரமத்தில் நடந்த அந்த விசாரணையைச் சென்னை நகரத்து நடுத்தர வர்க்கத்துக் குடித்தனத்துக்குள் கொண்டுவந்தவர் ஜெயகாந்தன். 1966இல் ‘ஆனந்த விகடன்’ வெளியிட்ட ‘அக்கினிப் பிரவேசம்’ என்ற கதையில், மழை பெய்யும் ஒரு மாலைப் பொழுதில் பஸ்ஸுக்காகக் காத்து நின்ற கல்லூரிப் பெண் ஒருத்தி, முன்பின் அறியாத ஒருவனுடைய காரில் ஏறிச் சென்று, அறியாமையினால் கெடுக்கப்பட்டு, அழுதுகொண்டே வீடு திரும்புகிறாள். விதவையான தாய் முதலில் அடிக்கிறாள். பிறகு அவள் தலையில் தண்ணீரை ஊற்றிக் குளிப்பாட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லி, நடந்ததை எவரும் அறியாமல் தன்னோடு புதைத்துக்கொள்கிறாள். தலைப்பிலுள்ள தீ, கதையில் ஒரு தாயின் கையிலுள்ள தண்ணீராக மாறிவிட்ட அற்புதத்தைக் கவனியுங்கள். வெளிச்சாட்சி எதுவும் அங்கே வேண்டியிருக்கவில்லை.

வாசகர் உலகத்தில் பெருத்த ஆக்ஷேபம் எழுந்தது. இப்படி ஒரு தாய் இருப்பாளா, இருக்கலாமா என்று கேட்டார்கள். அதற்கு ஆசிரியர் அளித்த விடை ஒரு நாவலாக வந்தது. 1972ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி பரிசைப் பெற்ற ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ அது. அந்நாவலில் தாய் தண்ணீர் ஊற்றவில்லை. தெருவே கூடும்படி அலறிவிடுகிறாள். அந்த ஒரு கூச்சலின் விளைவாகத் தமையன் தங்கையை வீட்டைவிட்டு வெளியேற்ற, கங்கா என்ற அந்தப் பெண், ஆதரவு தந்த மாமாவின் துர்நோக்கையும் சகித்துக்கொண்டு, படித்து, உத்தியோகம் பார்த்து, ஆனால் ஊர் ஒட்டிய பெயரைச் சுமந்தபடியே வளர்கிறாள். நாவலுக்குள்ளேயே அவள் ‘அக்கினிப் பிரவேசம்’ கதையைப் படிக்கிறாள். தன் தாய் அந்தத் தாயாக இருந்திருந்தால் தன் வாழ்க்கை எப்படி இருந்திருக்கும் என்பது அவளுக்குத் தெரிகிறது. இரண்டு நூல்களிலும் பெண் ஒருத்தியே, சம்பவமும் ஒன்றே, வேறுபடுவது பக்கத்தில் இருந்தவர்கள் நடந்துகொண்ட விதம் மாத்திரமே. ஒருத்தியின் வாழ்வு கெடுவதற்குக் காரணம் அவளுக்கு நேர்ந்த தீங்கைக் காட்டிலும், அத்தீங்கை ஊர் எடுத்துப் பேசிய முறையே என்ற உண்மையை, இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும் எவரும் மறுக்க இயலாது.

கற்பைப் பற்றிய பரீட்சை இவ்வளவு வெளிப்படையானது என்றால், அன்றாட வாழ்வில் நடக்கும் பரீட்சை ஓசையில்லாதது. அதை எழுதிக் காட்டப் பெண்ணின் எழுதுகோலே வேண்டியிருந்தது. அம்பை எழுதிய ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ என்ற கதையில், வட நாட்டுக் கூட்டுக் குடும்பம் ஒன்றுக்கு மருமகளாக வந்த தென்னாட்டுப் பெண் மீனாட்சி, இருளடைந்த அந்தச் சமையலறையைக் கொஞ்சம் வசதியாகக் கட்டலாமே என்று சொல்லிப் பார்க்கிறாள். கேட்டது மிகச் சிறியது. ஆனால் அது குடும்பத் தலைவரின் முகத்தைச் சுளிக்க வைக்கிறது. அந்த அடுப்பங்கரையையே தன் ராஜ்யம் என்று நம்பி ஆயுளைக் கழித்த மாமியாரிடம், அது அதிகாரமே அல்ல என்று மீனாட்சி எடுத்துச் சொல்லுமிடம், கதையின் சிகரம். சபையில் நிற்கவைத்து எவரும் அந்த மூதாட்டியைச் சோதிக்கவில்லை. நல்ல மருமகள், நல்ல மனைவி, நல்ல தாய் என்ற பெயரைத் தக்கவைத்துக்கொள்ள அவள் தன்னைத் தானே நாள்தோறும் சோதித்துக்கொண்டாள். ஊரின் கண் அவளுக்குள்ளேயே குடியேறிவிட்டது. சீதையிடம் நிரூபணம் கேட்க ஒரு ராமன் வேண்டியிருந்தான். இங்கே கேட்க ஆளே வேண்டியிருக்கவில்லை.

பெண்ணின் தனித்தன்மை என்று நாம் பெரிதாகப் பேசும் விஷயம், மேடைகளில் முழங்கப்படும் விடுதலைகளுக்கெல்லாம் முன்னதாக, தன் வாழ்வைப் பற்றித் தான் சொல்லும் சொல் நம்பப்பட வேண்டும் என்ற மிக எளிய உரிமையில் தொடங்குகிறது. அந்த உரிமையைப் பெண்கள் கேட்காமலில்லை. புதுமைப்பித்தனின் அகலிகை கேட்டாள், கங்கா கேட்டாள், மீனாட்சி கேட்டாள். மாற வேண்டியவர்கள் கேட்கப்பட்டவர்கள்: நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுப் பெண்ணின் நடத்தையை எடைபோடுகிற நாம்தான் அந்த ஊர். ஆகவே இந்தக் கதைகளைப் பெண்களுக்குப் புத்தி சொல்லும் நூல்களாகக் கருதி அவர்கள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது நியாயமாகாது. தகப்பன்மாரும் தமையன்மாரும் மாமியார்களும் முதலில் படிக்க வேண்டும். படித்த பின், அடுத்த முறை ஒரு பெண்ணைப் பற்றிய பேச்சு கூடத்தில் எழும்போது, அவள் என்ன சொல்கிறாள் என்று ஒருவராவது கேட்க வேண்டும்.