திரையில் ஒலிக்கும் எமது தமிழ்

புதிய படமொன்று வெளியானதும் யாழ்ப்பாணத்தில் அதைப் பற்றிய முதல் தீர்ப்பு பத்திரிகையில் வருவதில்லை. அது தேநீர்க்கடையிலும் சலூனிலும் மினிபஸ்ஸிலும் பிறந்து விடுகின்றது. "படம் எப்படி?" என்ற கேள்விக்குக் கிடைக்கும் ஒருவரிப் பதில் சிலரைப் படமாளிகைக்கு அனுப்புகின்றது; சிலரை வீட்டிலேயே இருத்திவிடுகின்றது. வின்சர், வெலிங்டன், ரீகல், ராணி, மனோகரா எனப் படமாளிகைகள் நிறைந்திருந்த காலத்திலும் இதுவே நடந்தது. கைத்தொலைபேசியில் படம் பார்க்கும் இன்றைய காலத்திலும் இதுவே நடக்கின்றது. ஆகவே, போகிற போக்கில் சொல்லப்படும் இத்தகைய அபிப்பிராயங்களை அற்பமானவை என நாம் ஒதுக்கிவிட முடியாது.

அவற்றுள் அடிக்கடி கேட்கும் அபிப்பிராயம் ஒன்றுண்டு. தமிழகப் படமொன்றில் இலங்கைத் தமிழர் பாத்திரமாக வந்தால், "உது எங்கடை தமிழ் இல்லை" என்ற தீர்ப்பு உடனே வந்துவிடும். 2000 ஆம் ஆண்டின் 'தெனாலி', 2002 இன் 'கன்னத்தில் முத்தமிட்டால்', 2025 இன் 'டூரிஸ்ட் பேமிலி' என அப்படங்கள் பல. இந்தத் தீர்ப்பு எவ்வளவு தூரம் நியாயமானது?

முதலில், இலங்கைத் தமிழ் என ஒரே பேச்சு இல்லை. "மறுகா" எனச் சொல்லும் மட்டக்களப்பின் தமிழ் வேறு. தமிழகப் பேச்சுக்கு நெருக்கமான மலையகத் தமிழ் வேறு. முஸ்லிம் மக்களின் பேச்சு வேறு. யாழ்ப்பாணத்திலோ "வர்றேன்" என்பது "வாறன்" ஆகும். நாம் உரையாடுவதைக் "கதைத்தல்" என்போம். "அப்பா பேசுவார்" என்றால் அவர் ஏசுவார் என்று பொருள். தொல்காப்பியம் கூறும் அ, இ, உ என்னும் மூன்று சுட்டுகளுள் உகரச் சுட்டு "உவன்", "உது", "உங்கை" என எமது வாயில் இன்றும் உயிரோடு இருக்கின்றது. தமிழகத் திரைப்பாத்திரங்களின் வாயில் இதனைக் கேட்பது அரிது.

தமிழகத்தவரின் காதில் இலங்கைத் தமிழ் பதிந்த விதமும் இதற்கு ஒரு காரணமெனக் கருத இடமுண்டு. இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவை பாக்குநீரிணையைத் தாண்டி அங்கு பெருமளவு நேயர்களைக் கொண்டிருந்தது. அதன் அறிவிப்பாளர்கள் பேசியது திருத்தமான வானொலித் தமிழ். அது எமது வீட்டு முற்றத்துத் தமிழன்று. 'தெனாலி'யில் கமல்ஹாசனின் உச்சரிப்புப் பயிற்சிக்கு அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீட் உதவியமை பலரும் அறிந்ததே. அத்துடன், அப்படங்கள் முதன்மையாகத் தமிழக இரசிகர்களுக்காக எடுக்கப்படுபவை. அவர்களுக்கு விளங்காத உரையாடலை எந்தத் தயாரிப்பாளரும் துணிந்து வைக்கமாட்டார். எனவே, குறை உண்மையானது. ஆயினும் அதற்குக் காரணமும் உண்டு.

அப்படியானால், எமது தமிழ் அச்சொட்டாக ஒலித்த படங்களை நாம் எவ்வாறு வரவேற்றோம்? 1972 இல் யாழ்ப்பாண மண்ணில் உருவான 'குத்துவிளக்கு' வெளிவந்தது. 1977 இல் சிங்களத் திரையுலகின் முக்கிய நெறியாளரான தர்மசேன பத்திராஜா, யாழ்ப்பாணக் குடும்பமொன்றின் சீதனச் சுமையையும் சாதிக் கட்டையும் 'பொன்மணி'யிற் காட்டினார். 1978 இல் செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய 'வாடைக்காற்று' வந்தது. இவற்றுள் 'பொன்மணி' இன்று ஆய்வாளர்களாற் போற்றப்படுகின்றது. வெளியான காலத்திலோ அது வசூலில் வெற்றி பெறவில்லை.

பழியை இரசிகர்மீது மட்டும் சுமத்துவதும் நியாயமன்று. பெரும் முதலீட்டில் உருவாகி வரும் தென்னிந்தியப் படங்களோடு சிறு படமொன்று ஒரே ஊரில் போட்டியிட நேர்ந்தது. 1972 இல் இயங்கத் தொடங்கிய திரைப்படக் கூட்டுத்தாபனம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது சிறிது மூச்சுவிட இடம் கிடைத்தது. ஆனால், 1983 ஜூலை வன்செயலில் ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. 1990 இற்குப் பின்னர் பல ஆண்டுகள் குடாநாட்டில் மின்சாரமே இருக்கவில்லை. ஜெனரேட்டரில் வீடியோப் படம் பார்ப்பதே அரிய பொழுதுபோக்காயிற்று. பார்ப்பவர், எடுப்பவர், காட்டுபவர் என்ற மூவரையும் இணைத்த சங்கிலி இவ்வாறு அறுந்துபோனது.

இன்று நிலைமை வேறு. 2012 இல் அசோக ஹந்தகம யாழ்ப்பாணத்தைக் களமாக்கி 'இனி அவன்' என்ற தமிழ்ப் படத்தை எடுத்தார். 2015 முதல் யாழ்ப்பாணத்தில் சர்வதேசத் திரைப்பட விழா நடைபெற்று வருகின்றது. எமது இளைஞர்கள் கையிலுள்ள கருவியைக் கொண்டே குறும்படங்களும் முழுநீளப் படங்களும் எடுக்கின்றனர். அவர்களுக்குப் பெரும் விளம்பரத்துக்குப் பணமில்லை. எமது வாய்ச்சொல்லே அவர்களது சுவரொட்டி.

அந்த வாய்ச்சொல்லோ இரண்டு விதமாகப் பிழைத்துப் போகின்றது. ஒரு சாரார் பார்க்காமலே ஒதுக்குகின்றனர். மறுசாரார் "எங்கடை பெடியள் எடுத்தது" என்பதற்காகவே எல்லாவற்றையும் புகழ்கின்றனர். முன்னையது படைப்பாளியைப் பட்டினி போடுகின்றது; பின்னையது அவரை வளரவிடாமற் செய்கின்றது. வேடிக்கை என்னவெனில், "செம", "மொக்கை", "வேற லெவல்" என்ற சென்னைச் சொற்களைக் கொண்டே நாம் இன்று படங்களை எடைபோடுகின்றோம். அதே வாயால்தான் சென்னைக்காரருக்கு எமது தமிழ் வரவில்லை எனக் குறைப்படுகின்றோம்!

தென்னிந்தியப் படங்களைப் பார்க்கவேண்டாம் என நாம் கூறவில்லை. அவையும் எமது மகிழ்ச்சியின் ஒரு பகுதியே. ஆனால், ஒரு நட்சத்திரத்தின் படத்துக்குச் செலவிடும் அரைமணி நேர விவாதத்தில் பத்து நிமிடத்தையாவது எமது மண்ணின் படமொன்றுக்கு ஒதுக்கலாம். கதை எங்கே தொய்ந்தது, எந்தக் காட்சி மனதில் நின்றது, எந்த உரையாடல் எமது வீட்டில் கேட்பதுபோல இருந்தது என்பதை அயலவரிடம் கதைக்கலாம். நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்த்தவர் சொல்லும் நேர்மையான குறையை எந்தப் படைப்பாளியும் மதிப்பான்.

எமது தமிழைத் திரையிற் சரியாகக் கேட்கவேண்டுமெனில், அதைப் பேசும் படங்கள் தொடர்ந்து வரவேண்டும். அவை தொடர்ந்து வருவதும் நின்றுபோவதும் "படம் எப்படி?" என்று கேட்பவருக்கு நாம் சொல்லும் பதிலிலும் தங்கியுள்ளது.