தேனுக்குள் மக்காச்சோளம்

பெரம்பலூர் மானாவாரிக் காடுகளில் ஐப்பசி, கார்த்திகையில் மக்காச்சோளம் பூக்கும்போது தேனீக்கள் மொய்ப்பது மகரந்தத்துக்காக மட்டும்தான். அந்தப் பூவில் மதுரம் கிடையாது. அரியலூர்ப் பக்கம் ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் செம்மண்ணில் தை, மாசியில் பூக்கும் முந்திரியில் இரண்டும் உண்டு. ஆனாலும் தேன் பாட்டிலின் தரத்தைத் தீர்மானிப்பதில் மக்காச்சோளத்துக்கும் பங்கு இருக்கிறது.

காற்றிலுள்ள கார்பனில் சுமார் 1 சதவீதம் எடை கூடிய கார்பன்-13. முந்திரி, வேம்பு, புளி போன்றவை அதைச் சற்றுக் கூடுதலாக ஒதுக்கிவிடும். மக்காச்சோளமும் கரும்பும் அவ்வளவு ஒதுக்குவதில்லை. ஆய்வகத்தில் தேனிலுள்ள புரதத்தைத் தனியே பிரித்து, அதன் கார்பனையும் முழுத் தேனின் கார்பனையும் ஒப்பிடுவார்கள். கரும்புச் சர்க்கரையோ சோளப்பாகோ கலந்திருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது. இப்படிப்பட்ட சர்க்கரை 7 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, நீர் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி.

அரிசியோ இதில் முந்திரியின் கட்சி. அதனால் அரிசிப்பாகு இந்தச் சோதனையில் சிக்காது. 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுகளைச் சோதித்த முடிவுகளை வெளியிட்டது. ஜெர்மனி ஆய்வகத்தின் என்.எம்.ஆர். (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) சோதனை உட்பட எல்லாவற்றிலும் தேறியவை மூன்றே.

கலப்படக்காரர் தப்பிப்பது ஒருபுறம். புதிதாகப் பெட்டி வைக்கும் இளைஞர் நேர்மையாக இருந்தே மாட்டிக்கொள்ளலாம். பூ இல்லாத மாதங்களில் தேனீக்களுக்குச் சர்க்கரைப் பாகு வைப்பது வழக்கம், நியாயமும்கூட. முந்திரி பூத்த பிறகும் அதை நிறுத்தாவிட்டால் பாகு அடைக்குள் போய்ச் சேர்ந்து, கார்பன் சோதனையில் கரும்பாக வெளிவரும். திருச்சி புனித ஜோசப் கல்லூரிப் பாதிரியார் நியூட்டன் 1910களில் வடிவமைத்த பெட்டியில் கீழே புழு அறை, மேலே தேன் அறை. மேலறையை ஏற்றும் நாளுக்கு முன்பே பாகுத் தட்டை எடுத்துவிட வேண்டும். தேனீக்கள் மெழுகால் மூடாத அடையைப் பிழிந்தால் நீர் கூடிப் புளித்துப்போகும்.

பயிற்சி கேட்டுப் போக வாலிகண்டபுரத்திலும் சோழமாதேவியிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் உண்டு. தேசியத் தேனீ வளர்ப்பு, தேன் இயக்கத்துக்கு 2020இல் மத்திய அரசு 500 கோடி ரூபாய் ஒதுக்கியது. நீரின் அளவைத் தோப்பிலேயே கையடக்க ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிடலாம். கார்பனுக்கு ஆய்வகம்தான் கதி. பத்துப் பெட்டிக்காரரின் வருமானத்தில் அந்தக் கட்டணம் கடிக்கும். பெட்டிக்குத் தரும் மானியத்தோடு முதல் சில அறுவடைகளின் சோதனைச் செலவையும் அரசு ஏற்றால், பெரிய பிராண்டுகளுக்குப் பக்கத்தில் ஆண்டிமடத்துப் பாட்டிலும் ஆய்வறிக்கையோடு நிற்கும்.